கட்டைவிரலால் அழுத்தினாலே உள்ளே போகும் புல்லட்... ரைபிள் ரீலோடிங்கில் ‘நெக் சைசிங்’ எங்கே சொதப்புகிறது?

சுட்டு முடித்த காலி பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி எடுத்து, சுத்தம் செய்து, அதையே மறுபடியும் தோட்டாவாக்கிச் சுடுவது அமெரிக்காவில் பலருக்கு வார இறுதிப் பொழுதுபோக்கு. இதற்குப் பெயர் ரீலோடிங். செலவு குறையும், தன் ரைபிளுக்கு ஏற்ற மாதிரி தோட்டாவைத் தயார் செய்துகொள்ளலாம் என்பதுதான் காரணம். 2020, 2021ல் அங்கே கடைகளில் தோட்டா தட்டுப்பாடு வந்தபோது, புதிதாக இந்தப் பக்கம் வந்தவர்களும் உண்டு.

இவர்கள் எல்லோரையும் ஏதாவது ஒரு நாள் ஒரே சிக்கல் வந்து நிறுத்தும். எல்லாம் சரியாகச் செய்த மாதிரியே இருக்கும். கடைசியில் புல்லட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் பொசுக்கென்று உள்ளே போய்விடும். அல்லது தோட்டா லேசாகக் கோணிக்கொண்டு நிற்கும். அல்லது ரைபிளின் போல்ட் மூட மாட்டேன் என்று அடம்பிடிக்கும். உடனே ‘டை சரியில்லை’ என்று புது டைக்கு ஆர்டர் போட்டுவிடுவார்கள். ஆனால் பெரும்பாலும் கோளாறு டையில் இல்லை. பித்தளையிலோ, அளவிலோ இருக்கிறது.

இந்தச் சிக்கல் எங்கிருந்து வருகிறது, எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பார்க்கலாம்.

முதலில் நம்ம ஊர் நிலவரம்

படித்துவிட்டு வீட்டில் முயற்சி செய்யலாமே என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். தோட்டாவின் பாகங்களும், அதைத் தயாரிக்கும் கருவிகளும்கூட அந்தச் சட்டம் சொல்லும் வரையறைக்குள் வருகின்றன. தண்டனையும் சாதாரணமானது இல்லை.

அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு ரீலோடிங் செய்ய மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. தயாரித்து விற்றால்தான் உரிமம் வேண்டும். அதனால்தான் அங்கே இது கார் ஷெட்டில் மேஜை போட்டுச் செய்யும் வேலையாக இருக்கிறது.

இன்னொரு சந்தேகமும் வரலாம். ஒலிம்பிக்கில் சுடுகிறார்களே, அவர்களும் இப்படித்தானா? இல்லை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் கலந்துகொள்ளும் 10 மீட்டர் ஏர் ரைபிளில் கேஸே கிடையாது, காற்றழுத்தத்தில் ஈயக் குண்டு பறக்கிறது. 50 மீட்டர் ரைபிள் போட்டியில் பயன்படும் 22 ரிம்ஃபயர் தோட்டாவில் தீப்பற்றும் ரசாயனம் கேஸின் விளிம்புக்குள்ளேயே இருக்கும். சுட்டதும் அந்த விளிம்பு நசுங்கிவிடும் என்பதால் அதை மறுபடி நிரப்பும் பேச்சே இல்லை. இந்தக் கட்டுரை பேசுவது, நடுவில் பிரைமர் உள்ள வேட்டை மற்றும் நீண்டதூர ரைபிள் தோட்டாக்களைப் பற்றி.

தோட்டா வேறு, புல்லட் வேறு

செய்தியில் ‘காலி தோட்டாக்கள் கைப்பற்றப்பட்டன’ என்று நாங்களே எழுதுகிறோம். தமிழில் எல்லாவற்றுக்கும் தோட்டா என்ற ஒரே சொல்தான் ஓடுகிறது. இங்கே கொஞ்சம் பிரித்துப் பேசினால்தான் விஷயம் புரியும்.

முழுத் தோட்டாவில் நான்கு பாகங்கள். பித்தளையால் ஆன கூடு, அதாவது கேஸ். அடியில் தீப்பொறி தரும் பிரைமர். உள்ளே எரியும் பவுடர். வாயில் செருகியிருக்கும் புல்லட். சுட்டால் பறந்து போவது புல்லட் மட்டும். சினிமாவில் ஸ்லோ மோஷனில் தரையில் ‘டிங் டிங்’ என்று விழுகிறதே, அது கேஸ்.

ரைபிள் கேஸின் வடிவம் ஒரு சோடா பாட்டில் மாதிரி. அகலமான உடம்பு, சரிவான தோள், அதற்கு மேல் ஒல்லியான கழுத்து. புல்லட்டைப் பிடித்து வைத்திருப்பது இந்தக் கழுத்துதான். 1952ல் வந்த, இன்றும் உலகம் முழுக்கப் பிரபலமான 308 வின்செஸ்டர் தோட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கழுத்து நீளம் சுமார் 0.3 அங்குலம். விரல் நகத்தைவிடச் சின்ன இடம். மொத்தத் தகராறும் அதில்தான்.

சரி, நெக் சைசிங் என்றால்?

சுடும்போது உள்ளே எழும் அழுத்தத்தில் பித்தளை பலூன் மாதிரி உப்பி, ரைபிளின் சேம்பர் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அந்த உப்பல்தான் சூடான வாயு பின்பக்கம் வராமல் தடுக்கிறது. பிறகு லேசாகச் சுருங்கும், ஆனால் பழைய அளவுக்குத் திரும்பாது. அதனால் சுட்ட கேஸின் கழுத்து அகலமாகவே இருக்கும். புது புல்லட்டை வைத்தால் தொளதொளவென்று விழும்.

அந்தக் கழுத்தை மட்டும் மறுபடி சுருக்குவதுதான் நெக் சைசிங். கேஸை பிரஸ் என்ற கைநெம்பு இயந்திரத்தில் வைத்து, டை என்ற எஃகு அச்சுக்குள் ஏற்றுவார்கள். உடம்பு, தோள், கழுத்து என்று மொத்தக் கேஸையும் அச்சுக்குள் திணித்துச் சுருக்கினால் அது ஃபுல் லெங்த் சைசிங்.

நெக் சைசிங் ஏன் பிடித்தது என்றால், கேஸின் உடம்பு அந்த ரைபிளின் சேம்பருக்கு ஏற்கெனவே கச்சிதமாக உப்பியிருக்கிறது, அதை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும் என்ற கணக்கு. வேலையும் குறைவு. 1958ல் ரிச்சர்ட் லீ கொண்டுவந்த ‘லீ லோடர்’ கருவிக்குப் பிரஸ்கூட வேண்டாம். ஒரு சுத்தியலை வைத்துத் தட்டியே கழுத்தைச் சுருக்கிவிடலாம். அந்தச் சின்னப் பெட்டி பலரை இந்தப் பொழுதுபோக்குக்குள் இழுத்தது.

ஆனால் இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. நெக் சைசிங் மட்டும் செய்த கேஸ், எந்த ரைபிளில் சுட்டதோ அதே ரைபிளுக்குத்தான் பொருந்தும். அண்ணனுக்குத் தைத்த சட்டையைத் தம்பி போட்டுக்கொள்கிற மாதிரி இதை வேறு ரைபிளுக்கு மாற்ற முடியாது. ஒரே அளவுத் தோட்டா போடும் இரண்டு ரைபிள்களுக்குக்கூட சேம்பரில் நூலளவு வித்தியாசம் இருக்கும்.

எவ்வளவு சின்ன அளவு தெரியுமா?

ரீலோடிங் செய்பவர்கள் பேசுவது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கில். 0.001 அங்குலம் என்றால் சுமார் 25 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். புல்லட்டைவிடக் கழுத்தின் உள்விட்டம் 0.001 முதல் 0.003 அங்குலம் வரை சின்னதாக இருந்தால் பிடிப்பு சரி என்பது பொதுவான வழக்கம். இதைத்தான் நெக் டென்ஷன் என்கிறார்கள்.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஏன் இத்தனை கவலை? அழுத்தம்தான் காரணம். 308 வின்செஸ்டரில் அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. நம் வீட்டு குக்கர் விசில் அடிப்பது 15 பவுண்டு வாக்கில். நாலாயிரம் மடங்கு! பிடிப்பில்லாத புல்லட் மேகசினில் இடிபட்டோ, சேம்பருக்குள் ஏறும்போதோ பின்னால் தள்ளப்பட்டால், உள்ளே பவுடருக்கான இடம் குறையும், அழுத்தம் கணக்கை மீறி ஏறும். இதெல்லாம் சுடுபவரின் கன்னத்துக்கு ஒட்டினாற்போல நடக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

புல்லட் பிடிக்கவில்லையா? முதலில் கணக்கைப் போடுங்கள்

அதிகம் வரும் புகார் இதுதான். இதற்குத் தீர்வு தேடும் முன் மூன்று அளவு எடுக்க வேண்டும் என்கிறார்கள் அனுபவசாலிகள். சுட்டவுடன் கழுத்தின் வெளிவிட்டம், சைஸ் செய்தபின் வெளிவிட்டம், புல்லட் வைத்தபின் வெளிவிட்டம். இந்த மூன்றும் கையில் இருந்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

308ஐ வைத்தே ஒரு கணக்கு. புல்லட்டின் விட்டம் 0.308 அங்குலம். கழுத்துச் சுவரின் தடிமன் 0.015 என்று வைப்போம். இரண்டு பக்கமும் சேர்த்து 0.030. ஆக, புல்லட் வைத்த கழுத்தின் வெளிவிட்டம் 0.338. நமக்கு 0.002 பிடிப்பு வேண்டும் என்றால், சைஸ் செய்தபின் கழுத்து 0.336ல் நிற்க வேண்டும்.

அப்படியானால் 0.336 துளை உள்ள டை போதுமா? போதாது! இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பித்தளையை அழுத்திவிட்டு விட்டால், அது கொஞ்சம் பழையபடி விரியும். ஸ்பிரிங்பேக் என்று பெயர். தோராயமாக 0.001 அங்குலம். அதனால் 0.335 துளையில் அழுத்தினால்தான் 0.336ல் வந்து நிற்கும். 0.336 துளையைப் போட்டவருக்கு 0.337 கிடைக்கும், பிடிப்பு பாதியாகிவிடும். டை உற்பத்தியாளர் மேல் கோபம் வரும்.

அடுத்த கோளாறு இதைவிட மோசம். வெவ்வேறு கம்பெனி கேஸ்களைக் கலந்து போடுவது. மேலே சொன்ன அதே 0.335 டையில், சுவர் தடிமன் 0.013 மட்டுமே உள்ள இன்னொரு கம்பெனி கேஸைப் போட்டால் என்ன ஆகும்? வெளிவிட்டம் அதே 0.336தான் வரும். அதில் இரண்டு பக்கச் சுவர் 0.026ஐக் கழித்தால் உள்விட்டம் 0.310. புல்லட்டோ 0.308. பிடிப்பு என்ற பேச்சே இல்லை, புல்லட் கிணற்றில் போட்ட கல் மாதிரி உள்ளே போய்விடும்.

டை ஒன்று, அமைப்பு ஒன்று, செய்த ஆள் ஒருவர். ஆனாலும் ஒரு கேஸ் பிடிக்கிறது, இன்னொன்று பிடிக்கவில்லை. ‘சில கேஸ் மட்டும் லூசா இருக்கு’ என்று யாராவது சொன்னால், அனுபவசாலிகள் முதலில் கேஸின் அடியில் பொறித்திருக்கும் கம்பெனி பெயரைத்தான் பார்க்கச் சொல்வார்கள்.

இதில் அளக்கும் கருவியும் சதி செய்யும். சாதாரண டிஜிட்டல் வெர்னியர் காலிப்பரில் 0.001 அங்குலம் கூடக் குறையக் காட்டுவது சகஜம். நாம் தேடும் வித்தியாசமே அவ்வளவுதான் எனும்போது, அதை நம்பி முடிவெடுப்பது மளிகைக் கடைத் தராசில் தங்கம் நிறுப்பது போல. மைக்ரோமீட்டர்தான் இதற்குச் சரியான கருவி. புது டை வாங்கும் காசில் முதலில் நல்ல மைக்ரோமீட்டர் வாங்கிவிடலாம் என்பது என் கருத்து.

கட்டுக்கம்பி சொல்லும் பாடம்

எல்லாம் ஒரே கம்பெனி கேஸ், அளவும் சரி. முதல் மூன்று நான்கு தடவை நன்றாகப் பிடித்தது. இப்போது பிடிக்கவில்லை. ஏன்?

கட்டுக்கம்பியை ஒரே இடத்தில் மடித்து நிமிர்த்தி, மடித்து நிமிர்த்திப் பார்த்திருப்பீர்கள். முதலில் சுலபமாக மடியும். பிறகு விறைக்கும். கடைசியில் பட்டென்று உடையும். பித்தளையும் அப்படித்தான். கேஸ் பித்தளையில் 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். ஒவ்வொரு முறை சுடும்போதும் கழுத்து விரிகிறது, ஒவ்வொரு முறை சைஸ் செய்யும்போதும் சுருங்குகிறது. இந்த விரிவிலும் சுருக்கத்திலும் உலோகம் கடினமாகிக்கொண்டே போகும். கடினமானால் ஸ்பிரிங்பேக் அதிகரிக்கும். முன்பு 0.001 திரும்பியது, இப்போது அதைவிட அதிகம் திரும்புகிறது. டை அதேதான், ஆனால் பிடிப்பு குறைந்துவிட்டது.

இதற்குத் தீர்வு அனீலிங். கழுத்தையும் தோளையும் மட்டும் சில நொடிகள் சூடாக்கினால் பித்தளை மறுபடி இளகும். தட்டிச் செய்யும் பித்தளைப் பாத்திரத்தை நடுநடுவே தீயில் காட்டுவதும் இதே காரணத்துக்காகத்தான். ராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு நிறம் தெரியுமே, அது அழுக்கு இல்லை, தொழிற்சாலையில் அனீல் செய்த அடையாளம்.

ஆனால் இதில் ஓர் அபாயம் உண்டு. சூடு கேஸின் அடிப்பகுதிக்கு இறங்கவே கூடாது. அழுத்தம் முழுவதையும் தாங்குவது அந்த அடிப்பகுதி. அது இளகிவிட்டால் கேஸ் தாங்காது, பின்பக்கம் வாயு வெடித்து வரும். அப்படி அடிவரை சூடுபட்ட கேஸைக் குப்பையில்தான் போட வேண்டும், காப்பாற்ற வழியே இல்லை.

மழைக்காலமும் குதிரை லாயமும்

பித்தளைக் கேஸின் கழுத்து தானாக வெடிப்பதைப் பற்றிப் பேசும்போது இந்தியாவை விட்டுவிட முடியாது. ஆங்கிலேயர் காலத்தில் இங்கிருந்த பிரிட்டிஷ் ராணுவத்துக்கு ஒரு விநோதமான பிரச்னை. மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்கள், யாரும் சுடாமலேயே விரிசல் விட்டன. மழை சீசனில் வந்ததால் அதற்கு ‘சீசன் கிராக்கிங்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர் உலோகவியல் புத்தகங்களில் இன்றும் இருக்கிறது.

காரணம் 1921ல்தான் தெளிவானது. குதிரை மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியா, மழைக்கால ஈரம், தயாரிக்கும்போது பித்தளைக்குள் தங்கிவிட்ட இழுவிசை, மூன்றும் சேர்ந்து செய்த வேலை. அனீல் செய்து அந்த இழுவிசையைப் போக்கியதும் விரிசல் நின்றது.

இந்தப் பழைய கதை இன்றைய ரீலோடிங் மேஜைக்கும் பொருந்தும். அம்மோனியா கலந்த பித்தளை பாலிஷ் போட்டுக் கேஸைப் பளபளக்க வைக்காதீர்கள் என்று எச்சரிப்பது இதனால்தான்.

தோட்டா கோணிக்கொள்கிறதா? உருண்டையைப் பாருங்கள்

அடுத்த புகார், தோட்டாவைத் தரையில் உருட்டினால் புல்லட் முனை ஆடுகிறது. இந்த ஆட்டத்துக்கு ரன்அவுட் என்று பெயர். 0.002, 0.003 அங்குலத்துக்குள் இருந்தால் பெரும்பாலானோர் கவலைப்படுவதில்லை.

சாதாரண டையின் நடுவில் ஒரு தண்டும், அதில் எக்ஸ்பாண்டர் என்ற சின்ன உருண்டையும் இருக்கும். டை முதலில் கழுத்தைத் தேவைக்கு மேல் நன்றாக நெருக்கிவிடும். கேஸ் கீழே இறங்கும்போது இந்த உருண்டை கழுத்துக்குள் இழுபட்டு, சரியான உள்விட்டத்துக்கு விரித்துக்கொண்டே வெளியே வரும். எல்லாக் கம்பெனிக் கேஸுக்கும் ஒரே டை போதும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. தடிமன் எப்படி இருந்தாலும் கடைசியில் உள்விட்டத்தை உருண்டை தீர்மானித்துவிடும். நல்ல யோசனைதான்.

ஆனால் கழுத்து உள்ளே காய்ந்து கிடந்தால், உருண்டை வெளியே வரும்போது கிரீச் என்று சத்தம் வரும், கைப்பிடி இறுக்கும். அப்போது அது கழுத்தை ஒரு பக்கமாக இழுத்துக் கோணலாக்குகிறது, தோளையும் முன்னால் இழுத்துவிடுகிறது. கழுத்தின் உள்ளே கொஞ்சம் கிராஃபைட் தூளோ மசகோ தடவினால் பாதிப் பிரச்னை தீர்ந்தது. தண்டை இறுக்கும் நட்டைச் சற்றுத் தளர்த்தி, உருண்டை தானாக நடுவில் வந்து நிற்க விடுபவர்களும் உண்டு. இன்னும் சிலர் உருண்டையையே கழற்றிவிட்டு, மாண்ட்ரல் என்ற வழவழப்பான கம்பியைத் தனியாக மேலிருந்து உள்ளே தள்ளி விரிக்கிறார்கள். இழுப்பதற்குப் பதில் தள்ளுவதால் கேஸ் நீளாது, கழுத்தும் நேராக நிற்கும்.

கிரீச் சத்தம் கேட்டும் பலத்தை அதிகப்படுத்தி இழுப்பதுதான் புதியவர்கள் செய்யும் வேலை.

புஷ்ஷிங் டையிலும் கோணல் வரும். இதில் கழுத்தை நெருக்கும் எஃகு வளையத்தை வேண்டிய அளவுக்கு மாற்றிக்கொள்ளலாம். சுட்ட கழுத்து 0.343ல் இருக்கிறது, அதை 0.335க்கு ஒரே இழுப்பில் கொண்டுவந்தால் பித்தளை ஒரு பக்கமாக ஒதுங்கலாம். முதலில் 0.339 வளையம், பிறகு 0.335 என்று இரண்டு தவணையில் செய்தால் நேராக வரும்.

கழுத்தின் அடியில், தோளை ஒட்டி ஒரு சின்னப் பட்டை சைஸ் ஆகாமல் தெரிகிறதே என்று பயப்படுபவர்களும் இருக்கிறார்கள். புஷ்ஷிங் டையில் அது இயல்பு, கோளாறே இல்லை.

லீ கம்பெனியின் காலட் டை வேறு ரகம். வெளியிலிருந்து விரல்கள் போன்ற எஃகுத் துண்டுகள் கழுத்தைப் பிடித்து, உள்ளே நிற்கும் கம்பியின் மேல் அழுத்தும். உருண்டை இழுபடும் பிரச்னையே கிடையாது. ஆனால் கேஸ் இல்லாமல் வெறும் பிரஸ்ஸைக் கடைசிவரை அழுத்திவிட்டால் அந்த விரல்கள் மூடியபடியே சிக்கிக்கொள்ளும். அடுத்துப் போடும் கேஸின் வாய் நசுங்கும்.

போல்ட் மூட மாட்டேங்குதா?

ஐந்தாறு முறை நெக் சைசிங் மட்டும் செய்த கேஸ்களில் இது வந்தே தீரும். ஒவ்வொரு முறை சுடும்போதும் கேஸின் உடம்பும் தோளும் இன்னும் கொஞ்சம் வளர்ந்து, கடைசியில் சேம்பரை முழுக்க நிரப்பிவிடும். கழுத்தைச் சுருக்கியதால் இதில் எந்தப் பயனும் இல்லை. தோளை 0.001 அல்லது 0.002 அங்குலம் பின்னால் தள்ள வேண்டும். அதற்கு ஃபுல் லெங்த் டைதான் வழி.

நெக் சைசிங்கே வேண்டாம், ஒவ்வொரு முறையும் ஃபுல் லெங்த்தில் தோளை நூலளவு மட்டும் தள்ளிவிடலாம் என்று போட்டி சுடுபவர்கள் பலர் மாறிவிட்டதற்கும் இதுதான் காரணம். போல்ட் ஒரே மாதிரி மூடினால் ரைபிள் அசையாமல் நிற்கும், குறியும் தப்பாது என்கிறார்கள். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது.

போல்ட்டை உள்ளங்கையால் தட்டி மூடுவது மட்டும் கூடாது. ஏனென்றால் இறுக்கத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம், அது ஆபத்தானது. சுடச் சுடக் கேஸ் நீளும். 308ல் கேஸின் அதிகபட்ச நீளம் 2.015 அங்குலம். அதைத் தாண்டினால் கழுத்தின் வாய் சேம்பரின் முனையில் போய் முட்டி, புல்லட்டைக் கவ்விக்கொள்ளும். சுடும்போது கழுத்து விரிய இடம் இருக்காது, அழுத்தம் எகிறும். அதனால்தான் 2.005க்கு வெட்டி வைத்துக்கொள்கிறார்கள்.

மூன்றாவது காரணம் கொஞ்சம் சுவாரசியமானது. புல்லட்டை உட்கார வைக்கும் டையைத் தேவைக்கு மேல் கீழே இறக்கியிருந்தால், அது கேஸின் வாயைத் தெரியாமல் மடித்து, தோளுக்குக் கீழே லேசாகப் புடைக்க வைத்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, விரலில் தட்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், இப்படி அதிகமாக மடித்தால் புல்லட் பிடிப்பு கூடாது, குறையும். அழுத்தம் எடுத்ததும் பித்தளை திரும்பி விரிந்து, புல்லட்டை விட்டு விலகிவிடும். பிடிப்பு போதவில்லை என்று இன்னும் மடித்து, இன்னும் லூசாக்கிக்கொள்பவர்கள் உண்டு.

கழுத்துக்குள் ஒரு டோனட்

புல்லட்டைச் செருகும்போது பாதிவரை சுலபமாகப் போய், கடைசியில் திடீரென்று முட்டுகிறதா? கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் உள்பக்கம் பித்தளை தடித்து வளையமாக நிற்கலாம். பார்க்க அப்படியே இருப்பதால் டோனட் என்றே பெயர். தோளின் பித்தளை மெல்ல மெல்லக் கழுத்துக்கு ஏறுவதால் இது உருவாகிறது. சிறிய கழுத்துள்ள கேஸைப் பெரிதாக்கி வேறு தோட்டாவாக மாற்றும்போதும் வரும். உள்ளே சுரண்டி எடுக்க ரீமர் இருக்கிறது. புல்லட்டின் அடி அந்த இடம்வரை போகாத மாதிரி உட்கார வைக்க முடிந்தால் அதைக் கண்டுகொள்ளாமலும் விடலாம்.

சில கேஸ்களில் மட்டும் புல்லட் இறங்க அதிக பலம் கேட்கிறது என்றால், அளவு சரியாக இருந்தாலும் உள்பக்கம் மேலும் கீழுமாக இருக்கலாம். ரொம்பவும் பளபளப்பாகக் கழுவிய பித்தளைக்கு உள்ளே வழவழப்பே இருக்காது. லேசான கரி படிந்த கழுத்தில் புல்லட் நழுவி இறங்கும். அதனால் உள்ளே கரியை முழுக்க எடுக்காமல் நைலான் பிரஷ்ஷால் ஒரு தேய்ப்பு மட்டும் கொடுத்து விடுபவர்கள் பலர். சுத்தம் எப்போதும் நல்லதில்லை போல!

யாருக்கு நெக் சைசிங் கூடவே கூடாது?

தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் ரைபிள்களுக்கு. ஏஆர் 15, எம்1 கேரண்ட் போன்றவற்றில் போல்ட்டை மூடுவது கை இல்லை, ஸ்பிரிங். தோட்டா இறுக்கமாக இருக்கிறது என்று அது உங்களிடம் சொல்லாது. போல்ட் முழுதாகப் பூட்டாமல் நின்றாலோ, பூட்டுவதற்குள் பிரைமர் தீப்பற்றினாலோ விளைவு விபரீதம். இவற்றுக்கு ஃபுல் லெங்த் மட்டும்தான். காட்டுக்குள் அவசரமாக அடுத்த தோட்டா ஏற்ற வேண்டிய வேட்டைக்காரர்களுக்கும் அதையே பரிந்துரைக்கிறார்கள்.

எதை மாற்றிப் பார்த்தாலும் சோதனைக்குப் பவுடரும் பிரைமரும் இல்லாத டம்மி தோட்டாவைத்தான் பயன்படுத்த வேண்டும். டம்மியின் புல்லட் முனையை மர மேஜையின் விளிம்பில் வைத்துக் கையால் அழுத்திப் பார்ப்பார்கள். அழுத்துவதற்கு முன்னும் பின்னும் நீளம் அளந்து, அது மாறாமல் இருந்தால் பிடிப்பு போதும்.

பவுடர் எவ்வளவு, எந்த புல்லட்டுக்கு எந்த அளவு என்பதெல்லாம் இந்தக் கட்டுரையில் இல்லை. அதற்குத் தயாரிப்பாளர்களே அச்சிடும் கையேடுகள் இருக்கின்றன. அவற்றைத் தாண்டி யாருடைய பேச்சையும் நம்பக் கூடாது என்பது அந்த வட்டாரத்தில் முதல் விதி.

கழுத்தில் முடியளவு விரிசல் தெரிந்தால் அந்தக் கேஸுக்கு வைத்தியம் இல்லை, நசுக்கித் தூக்கிப் போட வேண்டியதுதான். அதே பெட்டியில், அதே எண்ணிக்கை சுட்ட மற்றக் கேஸ்களையும் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார்கள். கூடவே ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, முனையைச் சின்னக் கொக்கியாக வளைத்து, கேஸின் உள்ளே விட்டு அடிப்பக்கச் சுவரைத் தடவிப் பார்ப்பதும் உண்டு. பள்ளம் மாதிரி ஏதாவது கொக்கியில் தட்டினால், அடுத்த முறை அந்தக் கேஸ் இரண்டாக அறுந்துவிடும் என்று அர்த்தம்.